கூரைக்குக் கீழே ஐம்பது கெஜம்

அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் இருக்கிறது பில்லிங்ஸ் என்ற ஊர். 2010 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. தந்தையர் தினம். அன்று அடித்த சூறாவளி, ஊரின் பெரிய உள்ளரங்கத்தின் கூரையைப் பிய்த்து எறிந்தது. நல்லவேளை, உள்ளே கூட்டம் இல்லை; உயிர்ச்சேதமும் இல்லை. ஆனால் அந்த அரங்கத்தை வாடகைக்கு எடுத்து ஆடிவந்த ‘பில்லிங்ஸ் அவுட்லாஸ்’ ஒரே நாளில் வீடில்லாத அணியாகிவிட்டது. அது சாதாரண அணியும் அல்ல. முந்தைய ஆண்டு இண்டோர் ஃபுட்பால் லீகின் சாம்பியன். கூரை போன பிறகும் சளைக்காமல் ஆடி, அடுத்த மாதமே கோப்பையை இரண்டாவது முறையாகத் தூக்கியது. தூக்கிய சில வாரங்களில் அணியையே கலைத்துவிட்டார்கள்.

தொடர்ந்து இரண்டு வருடம் சாம்பியனான ஓர் அணி, கட்டடம் பழுதானதால் இல்லாமல் போகுமா? நமக்கு நம்பக் கடினமாக இருக்கலாம். அமெரிக்க உள்ளரங்கக் கால்பந்து உலகில் அது ஒரு வாரச் செய்தி. அங்கே சாம்பியன்கள் காணாமல் போவார்கள். லீக் முழுவதுமே காணாமல் போகும். சீசன் நடுவில் எதிரணி ஆட வராமலே போகும். ஆனாலும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, ஒன்று செத்தால் இன்னொன்று முளைத்து, இந்த ஆட்டம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஏன் சாகிறது, ஏன் சாகாமல் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஆட்டத்துக்குள் இல்லை, அது நடக்கும் கட்டடத்தில் இருக்கிறது என்பதுதான் இந்த லீக்குகளின் கணக்கைப் புரட்டியபோது எனக்குத் தோன்றியது.

முதலில் ஆட்டம். இது மெஸ்ஸியின் கால்பந்து அல்ல. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவரையொருவர் முட்டித் தள்ளும் அமெரிக்க ஃபுட்பால். திறந்த மைதானத்தில் பக்கத்துக்குப் பதினொருவர், நூறு கெஜம். அதைப் பாதியாக மடித்துக் கூரைக்குக் கீழே கொண்டுவந்தால் பக்கத்துக்கு எட்டுப் பேர், ஐம்பது கெஜம்.

மடித்தவர் ஜிம் ஃபாஸ்டர். அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய லீகான என்.எஃப்.எல். அமைப்பின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவர். 1981-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போனார். சாக்கரைக் கூரைக்குள் அடக்க முடியுமென்றால் ஃபுட்பாலை ஏன் முடியாது என்று யோசித்து, கையிலிருந்த காகித உறையின் மேலேயே களத்தை வரைந்தார். 1986-ல் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் சோதனை ஆட்டம் நடந்தது. 1987-ல் நான்கே அணிகளுடன் அரீனா ஃபுட்பால் லீக் தொடங்கியது.

அந்தக் களத்தின் அளவைக் கொஞ்சம் கவனியுங்கள். ஐம்பது கெஜம் ஆடுகளம், இரு முனைகளிலும் எட்டெட்டு கெஜம்: மொத்தம் 66 கெஜம், அதாவது 198 அடி. அகலம் 85 அடி. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கித் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். பனித்தளத்தின் மேல் பலகை பரப்பி, அதன்மேல் செயற்கைப் புல்விரிப்பை உருட்டிவிட்டால் களம் தயார். ஹாக்கிக்காக நிற்கும் சுற்றுச்சுவருக்கு மெத்தை கட்டிவிட்டால் எல்லைக்கோடும் தயார். கோட்டைத் தாண்டினால் அவுட் என்பதெல்லாம் இங்கே இல்லை, சுவரில் மோதினால்தான் நிற்பார்கள். சிலர் நிற்காமல் சுவரைத் தாண்டி முன்வரிசை ரசிகரின் மடியில், பாப்கார்ன் மேலேயே விழுவார்கள். முன்வரிசை டிக்கெட்டுக்கு மவுசு அதனால்தான்.

அரங்கத்துக்கு இதனால் என்ன லாபம்? ஆடி மாதக் கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிய கடனுக்கு வட்டி ஓடுகிறது, காவலாளிக்குச் சம்பளம் ஓடுகிறது, புக்கிங் மட்டும் இல்லை. அமெரிக்காவின் நடுத்தர ஊர்களில் ஆறாயிரம், எட்டாயிரம், பத்தாயிரம் இருக்கைகளோடு கட்டிவைத்த அரங்கங்களுக்கு, ஹாக்கி சீசன் முடிகிற இளவேனிலில் தொடங்குகிறது ஆடி மாதம். அந்தக் காலி சனிக்கிழமைகளை நிரப்பப் பிறந்த ஆட்டம் இது. காலித் தேதி இருக்கும் வரை யாராவது ஒருவர் ஓர் அணியைத் தொடங்கிக்கொண்டே இருப்பார்.

வலை இல்லாத தம்பிகள்

ஃபாஸ்டரின் ஆட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. கோல் கம்பத்துக்கு இரு பக்கமும் பெரிய வலைகள் தொங்கும். அதில் பட்டுத் திரும்பும் பந்தும் ஆட்டத்தில் இருப்பதாகக் கணக்கு. இந்த ஆட்டமுறைக்கு 1990-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஒரு விளையாட்டுக்கே பேட்டன்ட்! இனி யார் உள்ளரங்க ஃபுட்பால் நடத்த நினைத்தாலும் வலை கட்டக் கூடாது.

சரி, வலை இல்லாமல் ஆடுவோம் என்று கிளம்பியவர்கள்தான் சின்ன லீக்குகள். 1990-களின் கடைசியில் வரிசையாக வந்தார்கள். 1999-ல் கியரி எக்லண்ட் என்ற தொழிலதிபர் தொடங்கிய முதல் ‘இண்டோர் ஃபுட்பால் லீக்’ இரண்டே சீசனில் நன்றாகக் காலூன்றியது. ஊன்றியதுதான் வினை, அரீனா தரப்பு அதை விலைக்கு வாங்கிக் கலைத்தது. அரீனா தரப்போடு சேராத அணிகள் சில 2001-ல் லூசியானாவைத் தலைமையிடமாகக் கொண்டு கரோலின் ஷைவர் தொடங்கிய ‘நேஷனல் இண்டோர் ஃபுட்பால் லீக்’ பக்கம் போயின.

நேஷனல் லீகின் கதை இந்தத் தொழிலின் எல்லா நோய்களுக்கும் ஒரே உடம்பு. புது அணி சேர்ந்தால் லீகுக்கு நுழைவுக் கட்டணம் வரும். ஆகவே வருகிறவர் யார், கையில் ஒரு சீசனுக்குப் பணம் இருக்கிறதா, அரங்கத்தோடு ஒப்பந்தம் போட்டாரா என்றெல்லாம் அதிகம் துருவிக் கேட்பதில்லை. தொடக்கத்தில் ஊர்வலம் போலக் கூட்டம். நடு சீசனில் வண்டிக்கு டீசல் போடப் பணமில்லாத அணிகள். பாதியில் நின்ற அணிக்குப் பதிலாக, அரங்கத்துக்குக் கொடுத்த தேதி வீணாகக் கூடாதென்று, எங்கிருந்தாவது உள்ளூர் வீரர்களைத் திரட்டிச் சட்டை மாட்டி இறக்குவார்கள். எழுபது எண்பது புள்ளி வித்தியாசத்தில் முடியும் அந்த ஆட்டங்களைப் பார்த்த குடும்பம் அடுத்த வாரம் திரும்ப வருமா? 2007-ல் ரத்தான ஆட்டங்களோடு அந்த லீக் முடிந்துபோனது.

அதற்கு முன்பே விவரமானவர்கள் வெளியேறிவிட்டார்கள். சூ ஃபால்ஸ் ஸ்டார்ம், சூ சிட்டி பேண்டிட்ஸ், ஒமஹா பீஃப், லெக்சிங்டன் ஹார்ஸ்மென் போன்ற அணிகள் சேர்ந்து 2005-ல் ‘யுனைடெட் இண்டோர் ஃபுட்பால்’ என்று தனிக்குடித்தனம் போயின. அணிகளின் முதலாளிகளே லீகுக்கும் முதலாளிகள். 2008-ல் இது டெக்சாஸ் பக்கத்து ‘இன்டென்ஸ் ஃபுட்பால் லீக்’குடன் இணைந்து, பழைய பெயரைத் தூசிதட்டி எடுத்து, இன்றைய ‘இண்டோர் ஃபுட்பால் லீக்’ ஆனது. 2009-ல் முதல் சீசன். முதல் சாம்பியன், கூரையை இழந்த அதே பில்லிங்ஸ்.

2010-ல் இந்த லீகில் 25 அணிகள். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் வரைக்கும் பரப்பிவைத்திருந்தார்கள். அங்கே போக நடைமுறையில் விமானம்தான் வழி. முந்நூறு நானூறு மைல் பேருந்தில் போய்வருவதற்கே கையைக் கடிக்கும் அணிகளுக்கு இது எப்படிக் கட்டுப்படியாகும் என்று யாரும் கேட்கவில்லையா என்று தெரியவில்லை. 2013-ல் எஞ்சியவை ஒன்பது.

கணக்குப்பிள்ளையின் பார்வையில்

ஓர் அணியின் செலவு எங்கே போகிறது? வீரர் சம்பளத்தில் அல்ல. இந்த அளவிலான லீக்குகளில் வீரருக்கு ஓர் ஆட்டத்துக்கு 200, 250 டாலர், தங்குமிடம், உள்ளூர் உணவகங்கள் விளம்பரத்துக்குப் பதிலாகத் தரும் சில வேளைச் சாப்பாடு. சம்பளத்தைவிடப் பெரிய தலைவலி, தொழிலாளர் காயக் காப்பீடு. பணியிடத்தில் காயம்பட்டால் இழப்பீடு தர முதலாளி காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்பது பெரும்பாலான மாநிலங்களின் சட்டம். அலுவலகக் குமாஸ்தாவுக்கு இந்தப் பிரீமியம் சில்லறை. மெத்தை கட்டிய சுவரில் மோதுவதையே வேலையாகக் கொண்ட நூறு கிலோ மனிதர்களுக்கு? முழங்கால் ஒன்று போனால் அறுவைசிகிச்சைச் செலவு அந்த வீரரின் மொத்த சீசன் சம்பளத்தைப் பல மடங்கு தாண்டும். பிரீமியம் கட்டத் தவறினால் சட்டப்படி ஆட்டமே நடத்த முடியாது. ‘தவிர்க்க முடியாத காரணங்களால் சீசனை நிறுத்துகிறோம்’ என்ற அறிவிப்புகளில் பலவற்றுக்குப் பின்னால் இருக்கும் காரணம் இதுதான்.

பிறகு அரங்க வாடகை. இங்கேதான் சூட்சுமம். டிக்கெட் பணம் அணிக்கு என்று வைத்துக்கொண்டாலும், பார்க்கிங், பீர், ஹாட் டாக் விற்பனை யாருக்கு? பல ஊர்களில் அது அரங்கத்துக்குத்தான். குடும்பத்தோடு ஆட்டம் பார்க்க வருகிறவர் டிக்கெட்டோடு தின்பண்டத்துக்கும் நிறையச் செலவழிக்கிறார். அரங்கத்துக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுக்கிற அணி நஷ்டத்தில் ஓட, பீர் கவுண்டர் லாபத்தில் ஓடும். நாலாயிரம் பேர் கைதட்டும் அணி ஏன் மூடப்படுகிறது என்று ரசிகர்கள் கேட்பார்கள். கைதட்டுகிற நாலாயிரம் பேரின் பணமும் அணிக்கு வந்து சேர்ந்திருந்தால் மூடப்பட்டிருக்காது.

வருமானத்தில் ஒரு சின்ன ஓட்டையைச் சொல்லியே ஆகவேண்டும்: பார்வையாளர் பகுதிக்குள் விழும் பந்தை ரசிகர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பந்தைப் பிடித்த பையன் வாழ்நாள் முழுக்க அந்த அணியை மறக்கமாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இந்த ஒரு செலவு நியாயமாகவே படுகிறது.

வாரம் 200 டாலர்

இவ்வளவு குறைந்த கூலிக்கு உடம்பைக் கொடுக்க ஆள் எங்கிருந்து வருகிறது? கல்லூரியில் நன்றாக ஆடியும் என்.எஃப்.எல். எடுக்காமல் விட்ட ஆயிரக்கணக்கானவர்களிடமிருந்து. அவர்கள் கண்முன் ஒரு பெயர் எப்போதும் தொங்கும்: கர்ட் வார்னர். அயோவா மாநிலத்து மளிகைக் கடையில் மணிக்கு 5.50 டாலர் கூலிக்கு இரவில் அலமாரி அடுக்கியவர். 1995 முதல் 1997 வரை அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணிக்காகக் கூரைக்குக் கீழே ஆடி, 2000 ஜனவரியில் என்.எஃப்.எல். இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் ஆட்டநாயகன் ஆனார்.

நமக்கும் இதில் ஒரு ஒட்டு உறவு இருக்கிறது. ‘எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா’ என்று அமெரிக்க ஃபுட்பாலை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவந்த முயற்சியில் பணம் போட்டவர்களில் வார்னரும் ஒருவர். ‘சென்னை ஸ்வார்ம்’ என்றொரு அணி அதில் இருந்தது. 2012 சீசனின் ஆட்டங்கள் கொழும்பில் நடந்தன. சென்னையில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டால் அடக்கமாகச் சிரிக்கத்தான் வேண்டும்.

ஆனால் சின்ன லீக் வீரர்களுக்கு வார்னரைவிட நெருக்கமான பெயர் ஃபிரெட் ஜாக்சன். வார்னர் ஆடியது வலை கட்டிய பெரிய லீகில். ஜாக்சன் ஆடியது அதற்கும் கீழே, சூ சிட்டி பேண்டிட்ஸில், வாரம் 200 டாலருக்கு. சின்னஞ்சிறு கோ கல்லூரியில் படித்தவர். அதே கல்லூரியின் பழைய மாணவர் மார்வ் லெவி, 2006-ல் என்.எஃப்.எல். அணியான பஃபலோ பில்ஸின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தது அதிர்ஷ்டம். வாய்ப்புக் கிடைத்தது. 2009-ல் ஒரே சீசனில் ஓட்டத்தில் ஆயிரம் கெஜமும் கிக்ஆஃப் திருப்பலில் ஆயிரம் கெஜமும் கடந்த முதல் என்.எஃப்.எல். வீரர் ஆனார் ஜாக்சன்.

இந்தக் கதையில் லீகுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவர் புறப்பட்டுப் போனபோது பேண்டிட்ஸுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. ஐரோப்பிய சாக்கரில் சின்ன கிளப் ஒரு பையனை வளர்த்துப் பெரிய கிளப்புக்கு விற்று நாலு வருடம் பிழைக்கும். இங்கே அந்த ஏற்பாடே கிடையாது. வீரர் மேலே போனால் சுவரில் மாட்ட ஒரு புகைப்படம் மிஞ்சும்.

ஜெயித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து

தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் ஸ்டார்ம் போல எந்த அணியும் இந்த உலகத்தை ஆண்டதில்லை. யுனைடெட் லீகின் நான்கு கோப்பைகளும் அதற்கே, 2005 முதல் 2008 வரை. புதிய லீகில் 2011 தொடங்கி 2016 வரை வரிசையாக ஆறு. பிறகு 2019-ல் ஒன்று. பயிற்சியாளர் கர்டிஸ் ரிக்ஸ் ஒருவரே இந்தக் காலம் முழுக்க இருந்தார். பெரிய லீகுகளில் இப்படியோர் அணி இருந்தால் அதை வைத்தே வியாபாரம் செய்வார்கள். சின்ன லீகில் நடப்பது தலைகீழ்: எந்த ஊருக்குப் போனாலும் உள்ளூர் அணி தோற்கப் போகிறது என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரிந்துவிடுகிறது. தேசியத் தொலைக்காட்சிப் பணம் இல்லாத இடத்தில் எதிரணி ஊரின் நம்பிக்கைதான் முதல். பதினொரு கோப்பைகள் வென்ற அந்த ஸ்டார்ம், 2025 சீசனில் களத்திலேயே இல்லை.

இதற்கிடையே பெரியண்ணன் விழுந்துகொண்டிருந்தார். தொலைக்காட்சி ஒப்பந்தம், 17 அணிகள் என்று பெருத்துப் போயிருந்த அரீனா லீக் 2009 சீசனையே ரத்து செய்து திவாலானது. 2010-ல் எழுந்து 2019-ல் மறுபடி திவாலானது. வலைக்கான காப்புரிமையும் 2007-லேயே காலாவதியாகிவிட்டது. வார்னரின் பழைய அணியான அயோவா 2015-ல் இறங்கிவந்து சின்ன லீகான இண்டோர் ஃபுட்பால் லீகில் சேர்ந்தது. ஐந்து முறை அரீனா சாம்பியனான அரிசோனா ராட்லர்ஸ் 2017-ல் வந்தது. வந்த வருடமே ஸ்டார்மை வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. அதே வருடம் சால்ட் லேக்கில் ஓர் அணி, அடுத்து எந்த உத்தியை ஆடுவது என்பதை ரசிகர்களே கைப்பேசியில் வாக்களித்து முடிவுசெய்யட்டும் என்றது. முதல் ஆட்டத்தில் 78–47 என்று தோற்று, அந்த ஒரு சீசனோடு லீகைவிட்டுப் போனது.

இவ்வளவு வரவுகளுக்குப் பிறகும் 2018-ல் லீகில் இருந்தவை ஆறே அணிகள்.

2023-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் நடந்தது இன்னொரு வகைக் கூத்து. அங்கே ஆடிய ஆல்பனி எம்பயர், ‘நேஷனல் அரீனா லீக்’ என்ற வேறொரு சின்ன லீகின் நடப்புச் சாம்பியன். முன்னாள் என்.எஃப்.எல். நட்சத்திரம் ஆன்டோனியோ பிரவுன் அதை வாங்கினார். அவர் அப்பா எடி பிரவுன் அதே ஊரில் உள்ளரங்க ஃபுட்பாலின் தன்னிகரற்ற வீரராகக் கொண்டாடப்பட்டவர். கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமையாது. ஆனால் லீகுக்குச் செலுத்தவேண்டிய கட்டணம் கட்டப்படவில்லை என்று, அந்த ஜூன் மாதமே, சீசன் நடுவில், அணியை நீக்கினார்கள். 2024-ல் அரீனா லீக் என்ற பழைய பெயரை இரண்டாம் முறையாக உயிர்ப்பித்து 16 அணிகளோடு தொடங்கினார்கள். சில வாரங்களில் சம்பளம் வராத வீரர்கள், மூடிய அணிகள், மாற்றப்பட்ட ஆணையர். இறுதிப்போட்டி நியூஜெர்சியில் ஒரு ஷாப்பிங் மாலில் நடந்தது.

இந்தப் பட்டியலில் பொதுவாக ஓடும் கோடு ஒன்று உண்டு. தேசம் முழுக்க, தொலைக்காட்சி, நட்சத்திரம் என்று தொடங்கியவை சீக்கிரம் போயின. தாக்குப்பிடித்ததற்கு உதாரணம் கேட்டால் நான் ஒமஹா பீஃப் அணியைக் காட்டுவேன். ஒமஹா இருக்கும் நெப்ராஸ்கா மாட்டிறைச்சிக்குப் பேர்போன மாநிலம், ஆகவே அணியின் பெயரே பீஃப். குண்டு ஆண்கள் ஆடும் ‘ரம்ப் ரோஸ்டர்ஸ்’ என்ற நடனக் குழு வேறு. 2000-ல் தொடங்கிய இந்த அணி ஏறி இறங்கிய லீக்குகளை எண்ண ஒரு கை விரல்கள் போதாது. 2012-க்குப் பிறகு, பயணச் செலவு தாங்கவில்லை என்று மத்திய மேற்கு அணிகள் சில சேர்ந்து பேருந்தில் போய்வரும் தூரத்துக்குள் ஒரு வட்டார லீக் அமைத்தபோது பீஃபும் கூடவே போனது. அதுவும் பிறகு வேறொன்றாக மாறியது. லீக்குகள் வரும் போகும். ஒமஹாக்காரர் சனிக்கிழமை மாலை வழக்கம்போல் அரங்கத்துக்குக் கிளம்புவார்.

இண்டோர் ஃபுட்பால் லீக் 2024-ல் மீண்டும் 16 அணிகளுக்கு ஏறியது. ஆனால் இந்த முறை வருகிறவர்கள் வேறு ரகம். 2022-ல் வந்த வேகஸ் நைட் ஹாக்ஸ், ஹாக்கியின் வேகஸ் கோல்டன் நைட்ஸ் அணியின் உரிமையாளர் பில் ஃபோலியுடையது. 2023-ல் வந்த டல்சா ஆய்லர்ஸ், அதே பெயரில் ஹாக்கி அணி வைத்திருப்பவருடையது. இண்டியானாவின் ஃபிஷர்ஸ் ஊரில் 2024 கடைசியில் புது அரங்கம் திறந்தது. அங்கு குடியேறிய ஹாக்கி அணியின் முதலாளியே 2025-ல் ஃபிஷர்ஸ் ஃப்ரெய்ட் என்ற ஃபுட்பால் அணியையும் இறக்கினார். டிக்கெட் விற்க ஏற்கனவே ஆள் இருக்கிறது, விளம்பரதாரர் பட்டியல் இருக்கிறது, காலித் தேதி அவருடைய தலைவலியாகவே இருக்கிறது. வாடகைக்கு இருந்த அணி போய், வீட்டுக்காரரே தொடங்கும் அணி வந்துவிட்டது. 2025 கோப்பையும் நைட் ஹாக்ஸுக்கே. தோற்றது கிரீன் பே பிளிஸர்ட், என்.எஃப்.எல். பேக்கர்ஸின் லாம்போ மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஆடிப் பல வருடமாகத் தாக்குப்பிடிக்கும் ஊர் அணி.

இந்த மாற்றத்தால் பாதியில் மூடும் அணிகள் குறையலாம் என்றே நினைக்கிறேன். பிரீமியம் கட்டப் பணமிருக்கும், பேருந்து வரும், அறிவித்த ஆட்டம் நடக்கும். சின்ன லீகுக்கு இதுவே பெரிய முன்னேற்றம். மாறாத வரி ஒன்றுதான். வீரருக்கு இன்றும் ஆட்டத்துக்குச் சில நூறு டாலர். 2005-ல் ஃபிரெட் ஜாக்சன் வாங்கிய 200 டாலருக்கு அன்று கிடைத்த பொருளை வாங்க இப்போது 320 டாலருக்கு மேல் வேண்டும். அமெரிக்க விலைவாசிக் கணக்குப்படி பார்த்தால், 250 வாங்குகிற இன்றைய வீரர் இருபது வருடத்துக்கு முந்தைய பேண்டிட்ஸ் வீரரைவிடக் குறைந்த கூலிக்குத்தான் சுவரில் மோதுகிறார்.